ரெனிட்டாவின் கிளட்சுக்காக

சேசு மரி சூசை

சாந்தோம்,
6 ஜூலை 2025

அன்புள்ள ஃப்ளோரா அக்காவுக்கு,

தோத்திரம். நீயும் மடத்துல மத்த சகோதரிங்களும் சுகமா இருக்கீங்கன்னு நம்பறேன். (மதர், இதை நீங்கதான் முதல்ல படிப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கும் தோத்திரம். சர்க்கரை இப்ப கட்டுக்குள்ள இருக்கா?)

இன்னைக்கு மாசத்து முதல் ஞாயிறு. பேச்சறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து வாசலையே பாத்திருப்பே. நீ உள்ள போனதுலேர்ந்து அப்பா தவறவிட்ட முதல் ஞாயிறு இதுதான். உயிருக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதே. கண்ணுதான்.

போன மாசம் லஸ்ல மெட்ரோ வேலைக்கு நட்டு வெச்சிருக்கிற தகரத்துல வண்டியை நேராக் கொண்டுபோய் முட்டினாரு. தகரத்தை யாரோ நகர்த்தி வெச்சுட்டாங்கன்னு அவங்களையே திட்டினாரு. தி.நகர் கண் டாக்டர் பாத்துட்டு, நரம்பு ஓரத்துலேர்ந்து கருகிக்கிட்டே வருது, நடுவுல மட்டும்தான் பார்வை மிச்சம்னுட்டாரு. சொட்டு மருந்து போட்டா இருக்கிறது கொஞ்ச நாள் தாங்கும், போனது போனதுதானாம். வண்டியைத் தொடவே கூடாதாம்.

அப்பா டாக்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. "முகம் எவ்வளவு நாள் தெரியும் சார்?" வெளிய வந்து படிக்கட்டுல நின்னுக்கிட்டு, "ஃப்ளோரா முகத்தை ஒரு தடவை நல்லாப் பாத்துட்டேன்னா அப்புறம் எது போனாலும் போகட்டும்"னாரு. நீ மதர்கிட்ட உத்தரவு கேட்டு வெளிய வரலாமேன்னு சொன்னேன். ஒத்துக்கல. "அவ மடத்துக்குப் போறப்ப நான் போட்ட கண்டிஷன் என்ன? நீ உள்ள இரு, வந்து பாக்கறது என் வேலைன்னேன். அதுல மாத்தமில்ல." ரிட்டயர் ஆனாலும் டிரில் மாஸ்டர் டிரில் மாஸ்டர்தான்.

இன்னைக்கு ஆட்டோவுல ஏத்திப் பாத்தேன். கூரை போட்ட வண்டி எதுவும் அவருக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா, தன் கல்யாணத்துக்கே கோயிலுக்கு சைக்கிள்ல போனவராச்சே. அடையாறு பாலம் ஏறுறதுக்குள்ள வாந்தி, தலைசுத்தல். திரும்பிட்டோம்.

அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன், சிரிக்காதே. அப்பாவோட மோட்டார் பைக்கை நான் ஓட்டக் கத்துக்கப் போறேன். அவரைப் பின்னாடி உக்கார வெச்சு உன்கிட்ட கொண்டுவரப் போறேன். பின்னாடி உக்காரும்போதே கண்ணை மூடிக்கிற ஆளு நான். நீயோ அந்த வண்டியிலயே வேலைக்குப் போய் வந்தவ. எப்படி ஓட்டறதுன்னு எழுது, ப்ளீஸ்.

பயத்தோட,
உன் தங்கை ரெனிட்டா


சேசு மரி சூசை

மடம்,
19 ஜூலை 2025

அன்புள்ள ரெனி,

ஆண்டவரோட சமாதானம் உனக்கும் அப்பாவுக்கும். அவருக்கு மூட்டு வலி எப்படி இருக்கு? நீ நேரத்துக்குச் சாப்பிடறியா?

அப்பா கண்ணு விஷயம் படிச்சதும் தோட்டத்துக்குப் போய் அழுதேன். அழுது முடிச்சு முகம் கழுவிட்டு இதை எழுதறேன். சிரிக்கல.

முதல்ல எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே. வண்டியைச் சும்மா தள்ளிக்கிட்டு தெருவுல நட. எந்தப் பக்கம் சாஞ்சா தாங்க முடியும், எந்தப் பக்கம் முடியாதுன்னு உன் இடுப்புக்குத் தெரியணும். ஒரு வாரம் தள்ளு. யாராவது பெட்ரோல் இல்லையான்னு கேட்டா ஆமான்னு சொல்லு.

அப்புறம் முதல் கியர். ஆக்சிலேட்டரைத் தொடாதே. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. ஒரு இடத்துல வண்டி லேசா முன்னாடி இழுக்கும். அங்கேயே நிறுத்திப் பிடி. திரும்ப அமுக்கு, திரும்ப விடு. அந்த இடம் உன் கைக்குப் பழகற வரைக்கும் வேற எதுவும் வேணாம். அப்புறம் இன்னொண்ணு, குழியைப் பாக்காதே. எங்க பாக்கறியோ வண்டி அங்கதான் போகும்.

இங்க எனக்கு இந்த வருஷம் பூசைக்கு வேண்டிய ஓஸ்தி அப்பம் சுடுற வேலை. வட்டமா வெட்டினது போக மிஞ்சற ஓரத்தையெல்லாம் தின்னு தின்னு ஒரு சுத்து பெருத்துட்டேன். அப்பா பாத்தா, மைதானத்தை நாலு ரவுண்டு ஓடுன்னு விசில் அடிப்பார். சீக்கிரம் கூட்டிட்டு வா.

ஜெபத்தோட,
ஃப்ளோரா


சேசு மரி சூசை

சாந்தோம்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

தோத்திரம். அப்பா சுகம். சொட்டு மருந்து எரியுதுன்னு தினமும் புகார். எனக்கு இடது கை விரல் எல்லாம் வலி, அது கிளட்ச் வலி.

எல்.எல்.ஆர். வாங்கிட்டேன். எங்க ஸ்கூல் வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்கற அன்புக்கரசியைத் துணைக்குப் பிடிச்சிருக்கேன். ஆத்தோரத்துலேர்ந்து அவங்க குடும்பத்தை அரசாங்கம் பெரும்பாக்கத்துக்கு மாத்தினதுலேர்ந்து அவ தினமும் பைக்லதான் வேலைக்கு வர்றா. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில பட்டினப்பாக்கத்துல பழகறோம். அவ பின்னாடி உக்காந்துக்குவா. "இன்னா மிஸ்ஸு, கிளட்ச்ச இந்தப் புடி புடிச்சிக்கினு கீற, அது இன்னா பாவம் பண்ணுச்சு?"ன்னு ஆரம்பிப்பா, வீடு வர்ற வரைக்கும் ஓயமாட்டா.

நேரா ஓட்டறேன் அக்கா. ரெண்டாவது கியர் வரைக்கும் போட்டுட்டேன். ஆனா ஒரு பிரச்சினை, வெக்கமா இருக்கு சொல்ல. நம்ம ஏரியாவுலதான் தெருவுக்குத் தெரு மாதா சிலை வெச்ச கெபி இருக்கே. கெபியைக் கண்டா என் வலது கை சிலுவை போட தானா நெத்திக்குப் போயிடுது. சின்ன வயசுலேர்ந்து பழகின பழக்கம், நிறுத்தவே முடியல. போன ஞாயிறு 'பிதா' வரைக்கும்தான் வந்தேன். சுதன் சொல்றதுக்குள்ள ஆக்சிலேட்டர் இல்லாம வண்டி குலுங்கி நின்னு, அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அன்புக்கரசி மீன்காரம்மா கூடை மேல. முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. மீன்காரம்மாதான் கண்டபடி திட்டினாங்க. "வண்டி ஓட்ட வந்தியா, வேண்டிக்க வந்தியா மிஸ்ஸு? ஒண்ணு முடிவு பண்ணு"ன்னா அன்புக்கரசி.

சிலுவை போடாமப் போனா மனசு அடிச்சுக்குது. போட்டா விழறேன். என்ன பண்றது?

சிராய்ப்போட,
ரெனிட்டா


சேசு மரி சூசை

மடம்,
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ரெனி,

ஆண்டவரோட சமாதானம். முழங்கை ஆறிடுச்சா? அப்பாகிட்ட மருந்து எரிஞ்சாலும் போடணும்னு நான் சொன்னதாச் சொல்லு.

உன் கேள்விக்கு நான் பதில் சொல்றது சரியில்லைன்னு மதர்கிட்டயே கேட்டேன். அவங்க உன் கடிதத்தை மூணாவது தடவையா வாங்கிப் படிச்சாங்க. அப்புறம் சொன்னது அப்படியே: "ரெண்டு கையும் வண்டியில இருக்கட்டும். தலையைக் குனிஞ்சாப் போதும். மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, அவங்களும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பிரயாணம் போனவங்கதான்." இதை மேலிடத்து உத்தரவா எடுத்துக்கோ.

இன்னொண்ணும் நடந்துச்சு. சாயந்தர ஜெபமாலையில ஒவ்வொருத்தரும் ஒரு கருத்து சொல்லுவோம், அதுக்காக மத்தவங்க மன்றாடுவாங்க. நேத்து மதரே ஆரம்பிச்சாங்க, "ரெனிட்டாவின் கிளட்சுக்காக"ன்னு. எண்பது வயசு சகோதரி ஒருத்தங்க கிளட்ச் ஏதோ வியாதின்னு நினைச்சு ரொம்ப உருக்கமா வேண்டினாங்க. நான் திருத்தல.

இன்னைக்கு முதல் ஞாயிறு. பேச்சறை ஜன்னலைத் துடைக்கிற சாக்குல அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பரவாயில்ல.

ஜெபத்தோட,
ஃப்ளோரா


சேசு மரி சூசை

சாந்தோம்,
26 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

தோத்திரம். மடத்துல எல்லாருக்கும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும். இங்க விடாம மழை.

டெஸ்டுல ஃபெயில் ஆயிட்டேன். எட்டு போடணும், காலைத் தரையில ஊனக்கூடாது. முதல் வளைவுலயே ஊனிட்டேன். அடுத்த வளைவுல கோட்டை விட்டே வெளிய போயிட்டேன். எனக்கு முன்னாடி ஒரு கல்லூரிப் பொண்ணு பூ மாதிரி போட்டுட்டுப் போனா. என்னைப் பாத்து எல்லாரும் சிரிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா யாரும் சிரிக்கலைன்னு அன்புக்கரசி சத்தியம் பண்றா.

அது கூடப் பரவாயில்ல. முந்தாநாள் மந்தைவெளியில சிக்னல் போட்டதும் வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி தண்ணி லாரி. அவன் ஹாரன் அடிக்கிறான், நான் உதைக்கிறேன், வண்டி எடுக்கல. அவன் அடிக்க அடிக்க எனக்குக் கிக்கர் எங்க இருக்குன்னே தெரியல. கடைசியில இறங்கி ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போய் ஒரு மருந்துக்கடை வாசல்ல நின்னு அழுதேன். முப்பத்தி நாலு வயசுல, ஹெல்மெட்டைக் கழட்டாமலே.

எனக்கு இது வராது அக்கா. நீ வேற மாதிரி பிறந்தவ. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்ன ஸ்கோர்?"னு கேட்டாரு. ஃபெயில்னேன். "சரி, அட்டென்டன்ஸ் உண்டுல்ல"ன்னுட்டு டீ போட எழுந்தாரு. சர்க்கரை டப்பா எதிர்லயே இருக்கு, கையால தடவித் தடவித் தேடினாரு. நான் எடுத்துக் குடுக்கல. குடுத்தா அவருக்குத் தெரிஞ்சுடும், நான் பாக்கறேன்னு.

ரெனிட்டா


சேசு மரி சூசை

மடம்,
8 நவம்பர் 2025

அன்புள்ள ரெனி,

ஆண்டவரோட சமாதானம். சாப்பிடாம இருக்காதே. நீ அழுதா முதல்ல சாப்பாட்டைத்தான் விடுவே.

நான் வேற மாதிரி எல்லாம் பிறக்கல. எனக்கு வண்டி பிடிச்சிருந்தது, உனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். பிடிக்காமலே நீ இவ்வளவு தூரம் வந்திருக்கே. என்னால அது முடிஞ்சிருக்காது, சத்தியமா.

இனி வேலையைப் பாப்போம். அப்பாவோட பழைய கேன்வாஸ் ஷூ, உன் செருப்பு எல்லாத்தையும் ஸ்கூல் மைதானத்துல எட்டு மாதிரி அடுக்கு. வளையும்போது முன் சக்கரத்தைப் பாக்காதே, அடுத்த ஷூவைத் திரும்பிப் பாரு. முன் பிரேக்கை மறந்துடு. பின் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே, கிளட்ச் இழுக்கிற இடத்துல பிடிச்சு ஓட்டு. மெதுவாப் போனா விழுந்துடுவோம்னு நினைச்சு நீ முறுக்கறே. மெதுவாவும் போகலாம். சிக்னல்ல ஆஃப் ஆனா முதல்ல நியூட்ரல், அப்புறம் உதை. பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அவன் பிரச்சினை.

இங்க வர்ற வழியில முட்டுக்காடு பாலம் ஒண்ணுதான் கஷ்டம். தண்ணி மேல காத்து பக்கவாட்டுல தள்ளும். தோளை இறுக்காம, கையைத் தளர்த்தி விட்டுட்டா வண்டி தானா நேராகிடும்.

முப்பதாம் தேதி திருவருகைக் காலம் ஆரம்பம். கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் கிடையாது, சந்திப்பும் கிடையாது. பதில் வரலையேன்னு நினைக்காதே. ஜெபமாலையில உன் கிளட்ச் இன்னும் இருக்கு.

ஃப்ளோரா


சேசு மரி சூசை

சாந்தோம்,
12 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

தோத்திரம், புது வருஷ வாழ்த்து, மதருக்குத் தனியா ஒரு வாழ்த்து. லைசென்ஸ் வந்துடுச்சு.

ஷூவைப் பாத்துப் பாத்துத்தான் எட்டு வந்துச்சு. ஒரு நாள் நடுவுல நாய் வந்து ஒரு ஷூவைத் தூக்கிட்டுப் போயிடுச்சு, நானும் ஷூவையே பாத்துக்கிட்டு நாய் பின்னாடியே வளைஞ்சு போயிருக்கேன். அன்புக்கரசி தரையில உக்காந்து சிரிச்சா. டெஸ்டுல காலே ஊனல. இன்ஸ்பெக்டர் ஒண்ணும் சொல்லல, அடுத்த ஆள்னு மட்டும் கூப்பிட்டாரு. எனக்கு அதுவே பெரிய பாராட்டா இருந்துச்சு.

இப்பத் தினமும் ஸ்கூலுக்கு வண்டியிலதான் போறேன். அடையாறு பாலத்துல தாடை ஆடும், ஆனா போயிடறேன். டிசம்பர் நடுவுல அப்பாவைப் பின்னாடி வெச்சு பெசன்ட் நகர் வரைக்கும் போனேன். என் வலது தோளை இரும்புக் கை மாதிரி பிடிச்சுக்கறாரு. பாவம், ரோடு தெரியாம உக்காந்திருக்காருல்ல. வீட்டுக்கு வந்து பாத்தா தோள்ல விரல் பதிஞ்சிருக்கு.

டிசம்பர் கடைசியில கண்ணுல பிரஷர் குறைக்க ஆபரேஷன் பண்ணாங்க. ஒரு மாசம் தூசி படக்கூடாது. அதனாலதான் இந்த முதல் ஞாயிறு வரல. நடுவுல ஒரு சின்ன வட்டம்தான் இப்பத் தெரியுதாம். என்னைப் பாக்கறதுக்கு மூக்கு, வாய்னு துண்டு துண்டாப் பாத்துச் சேத்துக்கறேன்னு சொன்னாரு. பிப்ரவரி ஒண்ணாம் தேதி முதல் ஞாயிறு. கண்டிப்பா கொண்டுவரேன். தயாரா இரு.

சந்தோஷத்தோட,
ரெனிட்டா


சேசு மரி சூசை

மடம்,
8 பிப்ரவரி 2026

அன்புள்ள ரெனி,

ஆண்டவரோட சமாதானம் உங்க ரெண்டு பேருக்கும்.

ஒண்ணாம் தேதி பேச்சறையில சாயந்தரம் மணி அடிக்கிற வரைக்கும் இருந்தேன். போன வாரம் முழுக்கக் கடிதமும் வரல. மதர் போன் பண்ணி விசாரிக்கட்டுமான்னாங்க. வேணாம்னேன். கெட்ட செய்தியா இருந்தா நீயே போன் பண்ணியிருப்பே.

உனக்கு எழுத முடியாத மாதிரி ஏதோ நடந்திருக்குன்னு மட்டும் தெரியுது. எதுவா இருந்தாலும் எனக்குக் கோபமில்ல. பதினெட்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலத்துலயும் எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதுக்கு முன்னாடி ரெண்டு வரி போடு. இல்லேன்னா ஈஸ்டர் வரைக்கும் நான் எதையாவது நினைச்சுக்கிட்டே இருப்பேன்.

ஃப்ளோரா


சேசு மரி சூசை

சாந்தோம்,
1 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

தோத்திரம். தவக்காலம் ஆரம்பிச்சாச்சு. இதை மதர் பிரிக்காமலே அலமாரியில வெச்சுப் பூட்டிடுவாங்க. ஈஸ்டருக்கு அப்புறம்தான் உன் கைக்கு வரும். அந்தத் தைரியத்துலதான் எழுதறேன். உன் கடிதத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு வாரத்துக்கு மேல பேனாவைத் தொட முடியல.

ஒண்ணாம் தேதி நாங்க கிளம்பினோம் அக்கா. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, உனக்குப் பிடிச்ச கல்கல் பலகாரம் ஒரு டப்பா மடியில வெச்சுக்கிட்டாரு. திருவான்மியூர் தாண்டி, நீலாங்கரை தாண்டி, நல்லாத்தான் வந்தேன். முட்டுக்காடு பாலத்துல ஏறினதும் காத்து தள்ளிச்சு. அதே நேரம் ஒரு பைக் கூட்டம் சர்ருன்னு உரசற மாதிரி தாண்டிப் போச்சு. அப்பா பயந்து தோளை இறுக்கினாரு, நான் கையை இறுக்கினேன், பிரேக் பிடிச்சேன், வண்டி நின்னு போச்சு. அப்புறம் கால் வரல. உதைக்கணும்னு தெரியுது, கால் தூக்க வரல. கீழ தண்ணி, பக்கத்துல வண்டிங்க.

"என்னம்மா?"ன்னாரு. "முடியலப்பா"ன்னேன். இறங்கி நின்னு கேரியரைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப மெல்ல, "அபௌட் டர்ன்"னாரு. தள்ளிக்கிட்டே ஓரமாத் திரும்பி நடந்தோம்.

தள்ளிக்கிட்டே அந்தப் பக்கம் போயிருக்கலாமேன்னு நீ கேப்பே. நானும் அதைத்தான் தினமும் கேட்டுக்கறேன். அப்போ தோணவே இல்ல. கரையேறினதும் அவரு இளநி வாங்கிக் குடுத்தாரு. கல்கல் டப்பா வீட்டுல அப்படியே இருக்கு, திறக்க விடமாட்டேங்கறாரு.

போன வாரம் அன்புக்கரசி வீட்டுக்கு வந்தப்ப அவளை ரெனின்னு கூப்பிட்டாரு. பக்கத்துல வந்து பேசினதும்தான் தெரிஞ்சுது. அந்தச் சின்ன வட்டமும் புகை மூடுதாம். அன்னைக்கு நான் ஓட்டியிருந்தா உன் முகத்தைப் பாத்திருப்பாரு அக்கா. என்னாலதான். என்னை மன்னிச்சுடு.

ரெனிட்டா


சேசு மரி சூசை

சாந்தோம்,
22 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

தோத்திரம். இதுவும் அலமாரிக்குத்தான்.

போன கடிதத்தைப் போட்டுட்டு வந்த அன்னைக்கே அன்புக்கரசியைக் கூட்டிக்கிட்டு முட்டுக்காடு போனேன். முதல் தடவை அவ பின்னாடி உக்காந்து என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "தோளை வுடு மிஸ்ஸு, தோளை வுடு"ன்னு பாலம் முடியற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தா. அந்தப் பக்கம் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, பெட்ரோல் தீர்ற வரைக்கும் பாலத்தையே சுத்தினோம். அடுத்த ஞாயிறு தனியாப் போனேன். காத்துக்கு ஒரு கணக்கு இருக்கு அக்கா. நடுப் பாலத்துலதான் தள்ளும், அதுக்கு முன்னாடியே கையைத் தளர்த்திட்டா வண்டி லேசா ஆடிட்டு நேராயிடுது. நீ எழுதினது தான், ஆனா எழுத்துல படிச்சப்ப என் கைக்குப் புரியல.

இன்னைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். தவக்காலம்ப்பா, உள்ள விடமாட்டாங்கன்னேன். "தெரியும். ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னாடி ரிஹர்சல் வேணாமா?"ன்னாரு. பாலத்துல என் தோளைப் பிய்ச்சே எடுத்துட்டாரு, ஆனா தாண்டிட்டோம்.

உங்க மதில் பக்கத்துல வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கி மதில்ல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் தடவித் தடவி வந்து, ஹாரன் எங்கன்னு கேட்டு, அவரே அடிச்சாரு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப அடிப்பாரே, ரெண்டு சின்னது ஒரு நீளம், அதே மாதிரி. மதர், மன்னிச்சுக்கோங்க. மௌன நேரம்னு எனக்குத் தெரியும்.

உனக்குக் கேட்டுச்சான்னு தெரியல. கேக்கலைன்னாலும் பரவாயில்லைன்னு அப்பா சொன்னாரு.

ரெனிட்டா


சேசு மரி சூசை

மடம்,
9 ஏப்ரல் 2026

அன்புள்ள ரெனி,

உயிர்த்த ஆண்டவரோட சமாதானம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை உங்களை நேர்ல பாத்துட்டேன், ஆனாலும் அப்பா முன்னாடி பேச முடியாததை எழுதறேன். நீ இளைச்சு இருக்கே, ஒழுங்காச் சாப்பிடு.

கேட்டுச்சு. அன்னைக்கு நான் கீரைப் பாத்தியில களை எடுத்துக்கிட்டிருந்தேன். முதல்ல வண்டி சத்தம் வந்துச்சு. மூணாவது கியர்லேர்ந்து ரெண்டாவதுக்கு மாத்தறப்ப ஒரு சின்ன வெட்டு. அப்பா அப்படி மாத்த மாட்டார், நானும் மாட்டேன். நீதான்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் ஹாரன். பிடுங்கின களையைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பேசக்கூடாதுங்கறதால யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா தோட்டத்துல இருந்த எல்லாரும் கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. மதர் மேல்மாடி ஜன்னலுக்கே வந்துட்டாங்க. அந்த எண்பது வயசு சகோதரி மட்டும் சாயந்தரம், "அந்தப் பிள்ளைக்கு வியாதி குணமாயிடுச்சா?"ன்னு எழுதிக் காட்டிக் கேட்டாங்க. ஆமான்னு தலையை ஆட்டினேன்.

ஈஸ்டர் அன்னைக்கு உன் ரெண்டு கடிதமும் கைக்கு வந்துச்சு. அதனால திங்கட்கிழமை பேச்சறைக்கு வரும்போதே எனக்கு எல்லாம் தெரியும். அப்பா கம்பிகிட்ட முகத்தை வெச்சு ரொம்ப நேரம் என்னையே பாத்தார். அப்புறம், "இளைச்சுட்டியேம்மா"ன்னார். நான் எவ்வளவு பெருத்திருக்கேன்னு நீயே பாத்தே. பக்கத்துல மதர் இருமினாங்க. "தவக்காலம்ப்பா, ஒருசந்தி விரதம் இருந்தேன்"னேன். "முகம் அப்படியே இருக்கு"ன்னார். "ஆமாம்ப்பா"ன்னேன்.

அவருக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும். நீ பின்னாடி நின்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தே. ரெனி, கேளு. எனக்கு வருத்தம் இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். அவர் கண்ணுல நான் ஒரு தடவை பட்டிருக்கலாம்னு இருக்கு. ஆனா அதுக்காக உன் மேல ஒரு சொட்டுக் குறையும் இல்ல. கம்பி வழியா அவர் கை என் கன்னத்தைத் தொட்டுச்சு. அந்தக் கையைக் கொண்டுவந்து சேத்தது நீ. கல்கல் கல்லு மாதிரி இருந்துச்சு, எல்லாரும் ஊற வெச்சுத் தின்னோம்.

திரும்பிப் போறப்பப் பாலத்துல எப்படி இருந்தே? அதை மட்டும் சொல்லாமலே போயிட்டே.

ஜெபத்தோட,
உன் அக்கா ஃப்ளோரா


சேசு மரி சூசை

சாந்தோம்,
19 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்கா,

தோத்திரம். உன் கடிதத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். இளைச்சது பெருத்ததுலேர்ந்து அவர் கண்ணைப் பத்தி எழுதினது வரைக்கும் மட்டும் தாண்டிட்டேன். அவரு நல்லா இருக்காரு. சொட்டு மருந்து இப்பவும் எரியுதாம். மதருக்கும், எனக்காக வேண்டிக்கிட்ட அந்தச் சகோதரிக்கும் என் நன்றியைச் சொல்லு.

உன் கடிதம் வர்ற வரைக்கும் எனக்கு நெஞ்சுல ஒரு கனம் இருந்துச்சு. இன்னும் முழுசாப் போகல. ஆனா சாப்பிடறேன்.

பாலத்தைப் பத்திக் கேட்டியே. அன்னைக்கு மடத்துலேர்ந்து கிளம்பினப்ப சாயந்தர வெயில், நல்ல காத்து. அப்பா எப்பவும் போல என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, நீ சின்ன வயசுல ஸ்போர்ட்ஸ் டேல லெமன் அண்ட் ஸ்பூன்ல தோத்துட்டு எலுமிச்சம்பழத்தையே கடிச்ச கதையைச் சொல்லிக்கிட்டு வந்தாரு. நான் கேட்டுக்கிட்டே ஓட்டினேன். நீலாங்கரையில மட்டும் ஒரு மாடு குறுக்க வந்துச்சு, கியரைக் குறைச்சு அது போற வரைக்கும் நின்னேன்.

திருவான்மியூர் சிக்னல்ல சிகப்பு. அப்பா என் தோளைத் தட்டி, "ஏன் ரெனி, பாலம் இன்னும் வரலையா?"ன்னாரு.

"அது தாண்டி எவ்வளவோ நேரமாச்சேப்பா"ன்னேன்.

சிக்னல் பச்சையாச்சு. தோள்ல இருந்த கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டாரு. வீடு வர்ற வரைக்கும் என்னை அவரு பிடிச்சுக்கவே இல்ல அக்கா.

மே மூணாம் தேதி முதல் ஞாயிறு. காலையிலேயே வந்துடுவோம். இந்தத் தடவை கல்கல் நானே சுடறேன்.

உன் தங்கை,
ரெனிட்டா